நித்திரைக் குளிசையின் நன்மையும் தீமையும்

பசிக்குக் கறி வேண்டாம், நித்திரைக்குப் பாய் வேண்டாம் என்று நம் முன்னோர் கூறுவர். பகல் முழுதும் வயலில் உழைத்துக் களைத்தவன் வெறுந் தரையிலே தலை சாய்த்த மாத்திரத்தில் உறங்கிவிடுகின்றான். ஆயின் மெத்தையும் நுளம்பு வலையும் மின்விசிறியும் இருந்தும், மணிக்கூட்டின் ஓசையை எண்ணிக்கொண்டு விடியும்வரை விழித்துக் கிடப்போரும் நம்மிடையே உளர். அவர்தம் துன்பத்தை, நித்திரை நன்கு வாய்க்கப்பெற்றவர் எளிதில் உணரார். சில இரவுகள் தொடர்ந்து உறக்கமின்றிக் கழிந்தால் மனம் சலிக்கின்றது. சிறு சொல்லுக்கும் சினம் மூளுகின்றது. செய்யும் தொழிலிற் பிழைகள் நேர்கின்றன. பொழுது சாயும்போதே, இன்றிரவும் நித்திரை வராதோ என்ற அச்சம் உள்ளத்திற் புகுந்துவிடுகின்றது. அந்த அச்சமே நித்திரையை மேலும் விரட்டுகின்றது. இந்நிலையில் ஒருவர் வைத்தியரை நாடி நித்திரைக் குளிசை பெறுவாராயின் அவரைக் குறை கூற இடமில்லை.

அக்குளிசை செய்யும் உதவி யாது, அவ்வுதவிக்கு உடல் கொடுக்கும் விலை யாது என்பனவே இன்றைய பேச்சின் பொருள். தொடங்குமுன் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுக்க வேண்டும். உங்களுள் பல மாதங்களாக, ஏன், பல ஆண்டுகளாகக்கூட இக்குளிசையை எடுத்து வருவோர் இருக்கலாம். அன்னார் இப்பேச்சைக் கேட்டு அஞ்சி, இன்றிரவே அதனைத் திடீரென நிறுத்திவிடலாகாது. அதற்கான காரணத்தைப் பின்னர் விளக்குவேன்.

நித்திரையை மருந்தினால் வரவழைக்கும் முயற்சி பழமையானது. ஐரோப்பாவில் நெடுங்காலம் அபினும் மதுவும் இதற்குப் பயன்பட்டன. 1869 ஆம் ஆண்டில் ஒஸ்கார் லீப்றைக் என்னும் ஜேர்மனிய அறிஞர் குளோரல் ஐதரேற்று என்ற இரசாயனப் பொருளை நித்திரை மருந்தாக அறிமுகப்படுத்தினார். 1903 ஆம் ஆண்டில் எமில் பிஷர், யோசப் பொன் மேரிங் என்னும் இருவர் வெரோனல் என்ற மருந்தை உலகுக்கு அளித்தனர். பார்பிற்றுரேற்று என்னும் மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுவே. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மேல் உலகின் நித்திரை மருந்தாக விளங்கியது அக்குடும்பந்தான். அதற்கு இரு பெருங் குறைகள் இருந்தன. உறக்கந் தரும் அளவுக்கும் உயிரைப் போக்கும் அளவுக்கும் இடையிலுள்ள தூரம் மிகக் குறுகியது என்பது ஒன்று. நாளடைவில் உடல் அதற்கு அடிமைப்பட்டுவிடும் என்பது மற்றொன்று. 1962 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்க நடிகை மரிலின் மன்றோ இறந்தபோது, அவருடலில் பார்பிற்றுரேற்று, குளோரல் ஐதரேற்று ஆகிய இரண்டுமே காணப்பட்டன.

ஆகவே, இவற்றினும் மென்மையான மருந்து ஒன்று வேண்டும் என்று உலகம் தேடிற்று. 1957 ஆம் ஆண்டில் மேற்கு ஜேர்மனியில் தலிடோமைட் என்ற குளிசை விற்பனைக்கு வந்தது. மிகப் பாதுகாப்பானது என்று விளம்பரஞ் செய்யப்பட்ட அதனை, வைத்தியர் எழுதிய துண்டு இல்லாமலே அந்நாட்டில் வாங்க முடிந்தது. உறக்கத்துக்காகவும், கருவுற்ற காலத்துக் குமட்டலுக்காகவும் தாய்மார் பலர் அதனை உட்கொண்டனர். கையும் காலும் முழுமையாக வளராத குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. 1961 ஆம் ஆண்டில் ஜேர்மனியில் விடுக்கின்ட் லென்ஸ் என்ற வைத்தியரும், அவுஸ்திரேலியாவில் வில்லியம் மக்பிறைட் என்ற வைத்தியரும் இம்மருந்தின்மீது ஐயங்கொண்டு எச்சரிக்கை செய்தனர். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அது ஜேர்மனியச் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. அதற்குள் பல நாடுகளில், பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் ஊனமுற்றுப் பிறந்துவிட்டனர். அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்னும் பெண் அதிகாரி, மருந்தின் பாதுகாப்புக்குத் தந்த சான்றுகள் போதா என்று கூறி விற்பனை அனுமதியை மறுத்தார். நிறுவனத்தார் பன்முறை வற்புறுத்தியும் அவர் இணங்கவில்லை. அவருடைய உறுதியால் அந்நாடு பேரிடரினின்றுந் தப்பியது.

மெல்ல உறங்க வைக்கும் மருந்து என்பதனால் அது தீங்கற்றது என்று முடிவு செய்தலாகாது என்பதற்கு, இதனிலும் கொடிய பாடம் வேண்டியதில்லை. கருவுற்ற பெண்கள் எந்த நித்திரைக் குளிசையையும் தம் வைத்தியரைக் கேளாது உட்கொள்ளலாகாது என்னும் விதியை நாம் இன்றும் மறத்தலாகாது.

இதன்பின் வந்தவை, இன்றும் பெருவழக்கிலுள்ள பென்சோடயசெப்பின் வகைக் குளிசைகள். லியோ ஸ்ரேண்பாக் என்ற இரசாயன அறிஞரின் ஆய்வினாற் பிறந்த லிப்ரியம் 1960 ஆம் ஆண்டிலும், வேலியம் எனப்படும் டயசிபாம் 1963 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. மொகடன் என்ற பெயரில் நைத்திரசிபாம் 1965 ஆம் ஆண்டில் வந்தது. பார்பிற்றுரேற்றுகளோடு ஒப்பிடுகையில் இவை உயிருக்கு ஆபத்துக் குறைந்தவை என்பது உண்மை. அதனாலேயே வைத்தியர்களும் தாராளமாக எழுதினர்; மக்களும் தயக்கமின்றி விழுங்கினர். ஆண்டுகள் பல சென்ற பின்னரே, இவற்றை விட முடியாது தவிப்போரின் கூட்டம் கண்ணுக்குப் புலப்பட்டது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரிற் பேராசிரியை ஹெதர் அஷ்ரன், 1982 முதல் 1994 வரை, இக்குளிசைகளைக் கைவிட முயல்வோருக்கென்றே ஒரு சிகிச்சை நிலையத்தை நடத்தினார். 1988 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு, இவற்றை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் கொடுக்கலாகாது என்று அறிவுறுத்தியது. அந்த அறிவுரையின் கருத்து இன்றும் மாறவில்லை.

அடுத்து வந்த சொல்பிடெம், சொபிக்குளோன் என்னும் குளிசைகளைப் பற்றியும், இவை பழக்கத்தை உண்டாக்கமாட்டா என்றே முதலிற் பேசப்பட்டது. இப்பொழுதோ அவற்றுக்கும் ஏறக்குறைய அதே விதிதான் கூறப்படுகின்றது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு புதிய குளிசை வந்து, முந்தியதன் தீமை தன்னிடம் இல்லை என்று உறுதி கூறியது. ஒவ்வொன்றின் தீமையும் காலஞ் சென்றே தெரியவந்தது.

இனி, இக்குளிசைகள் உடலில் எவ்வாறு தொழிற்படுகின்றன என்று பார்ப்போம். நம் மூளையின் நரம்புக் கலங்கள் ஓயாது ஒன்றையொன்று தூண்டிய வண்ணம் உள்ளன. அத்தூண்டலை அடக்குவதற்குக் காபா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஓர் இரசாயனப் பொருள் மூளையிலேயே சுரக்கின்றது. வாகனத்துக்கு பிறேக்கு எப்படியோ, மூளைக்குக் காபா அப்படி. நித்திரைக் குளிசை அந்தப் பிறேக்கை மேலும் இறுக்குகின்றது. விழிப்பைத் தரும் பகுதி அடங்கவே உறக்கம் வருகின்றது. ஆனால் மூளையில் நினைவைப் பதிக்கும் பகுதிக்கும், நடையைச் சமநிலைப்படுத்தும் பகுதிக்கும், சுவாசத்தை நடத்தும் பகுதிக்கும் அதே பிறேக்குத்தான் உண்டு. குளிசை அவற்றையும் சேர்த்தே இறுக்குகின்றது. பக்க விளைவுகள் என்று நாம் கூறுபவை வேறு எங்கிருந்தோ வருபவையல்ல. உறக்கத்தைத் தரும் அதே செயல், வேண்டாத இடத்திலும் நிகழ்வதன் பயனே அவை.

முதலாவது, மறுநாள் மந்தம். சில குளிசைகள் சில மணி நேரத்தில் உடலை விட்டு நீங்குகின்றன. நைத்திரசிபாமோ ஒரு முழு நாள் கழிந்த பின்னும் பாதியளவு இரத்தத்தில் எஞ்சி நிற்கும். டயசிபாம் அதனிலும் நெடுநேரம் தங்கும். இரவுதோறும் எடுத்தால் நேற்றைய மிச்சத்தின்மேல் இன்றையது சேரும். காலையில் எழுந்தவர் தாம் தெளிவாக இருப்பதாகவே எண்ணுவார். ஆனால் வாகனம் ஓட்டும்போது கையும் காலும் ஒரு கணம் பிந்தித் தொழிற்படும். 2013 ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், பெண்களுக்குரிய சொல்பிடெம் அளவைப் பத்து மில்லிகிராமிலிருந்து ஐந்தாகக் குறைக்கச் செய்தது. பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாக நீங்குவதால், வாகனம் ஓட்டுவதற்குத் தடையாகும் அளவு மருந்து காலையிலும் இரத்தத்தில் எஞ்சியிருக்கக் காணப்பட்டமையே அதற்குக் காரணம்.

இரண்டாவது, முதியோருக்கு நேரும் வீழ்ச்சி. நள்ளிரவில் மலசலகூடத்துக்குச் செல்ல எழும் முதியவர், குளிசையின் மயக்கத்தினால் கால் தடுமாறி விழுகின்றார். இளையவர் விழுந்தால் எழுந்து நடப்பார். முதியவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியக்கூடும். அதன்பின் படுத்த படுக்கையாகி, முன்னைய நடமாட்டத்தை மீண்டும் பெறாதவர் பலர். சில முதியோர் பகலில் குழம்பிப் பேசுவதும் நேற்று நடந்ததை மறப்பதும் கண்டு, வயது போய்விட்டது என்று வீட்டார் எண்ணுவர். காரணம் வயதாக இல்லாமல், இரவில் விழுங்கும் குளிசையாக இருக்கக்கூடும். 2005 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில், அறுபது வயதுக்கு மேற்பட்டோரிடம் நடந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்த ஒரு கட்டுரை வெளிவந்தது. குளிசை எடுக்கும் பதின்மூவருள் ஒருவருக்கே அதனால் நித்திரை திருந்துகின்றது என்றும், அறுவருள் ஒருவருக்குத் தீய விளைவு நேர்கின்றது என்றும் அக்கட்டுரை கணித்தது. பயன் பெறுவோரிலும் இடர்ப்படுவோர் இரு மடங்கு என்பதே இதன் பொருள்.

மூன்றாவது, அறியாது செய்யும் செயல்கள். சொல்பிடெம், சொபிக்குளோன் வகைக் குளிசைகளை எடுத்தோருள் சிலர், முழு விழிப்பின்றியே எழுந்து நடந்திருக்கின்றனர், சமைத்திருக்கின்றனர், மோட்டார் வண்டியைக்கூட ஓட்டிச் சென்றிருக்கின்றனர். காலையில் அவர்களுக்கு அதில் ஒன்றும் நினைவிலில்லை. இவ்வாறு நிகழ்வது அரிதேயாயினும், அதனால் உயிரிழப்பும் நேர்ந்திருப்பதால், 2019 ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் இவற்றின்மீது தனது மிகக் கடுமையான எச்சரிக்கையைப் பொறிக்கச் செய்தது. ஒரு முறையேனும் இவ்வாறு நேர்ந்தவர் அக்குளிசையை மீண்டும் எடுத்தலாகாது.

நான்காவது, கூடாத கூட்டு. மதுவும் இதே பிறேக்கையே இறுக்குவது. மது அருந்திய இரவில் குளிசையையும் விழுங்குபவரின் சுவாசம் நித்திரையிலேயே தளர்ந்து நின்றுவிடக்கூடும். மோபின், கொடீன், திறமடோல் முதலிய அபின் இன வலி மருந்துகளோடு சேர்ந்தாலும் அதே ஆபத்து உண்டு. தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் உண்ணும் சில குளிசைகள் தாமே தூக்கத்தைத் தருபவை. அவற்றோடு சேர்ந்தால் மயக்கம் பெருகும். உரத்த குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திணறி எழுபவர்களும், நாட்பட்ட சுவாசநோய் உள்ளவர்களும் அதனை வைத்தியரிடம் கட்டாயம் கூற வேண்டும். அத்தகையோரின் நித்திரைக் குறைவுக்கு அந்த மூச்சுத்தடையே காரணமாக இருக்கக்கூடும். அவர்களுக்கு நித்திரைக் குளிசை நோயை மறைத்து ஆபத்தை வளர்க்கும்.

ஐந்தாவது, பழக்கம். தொடர்ந்து சில வாரங்கள் குளிசை உண்டால், வெளியிலிருந்து ஒருவர் எந்நேரமும் பிறேக்கை இறுக்குவதைக் கண்டு மூளை தன் சொந்தப் பிறேக்கைத் தளர்த்திக்கொள்கின்றது. முன்பு ஒரு குளிசை தந்த உறக்கத்தை இப்பொழுது அதே குளிசை தருவதில்லை. சிலர் அளவைக் கூட்டுகின்றனர். ஒருநாள் குளிசை எடுக்காவிட்டால் முன்னிருந்ததிலும் கொடிய நித்திரையின்மை வருகின்றது. அதை அனுபவித்தவர், பார்த்தீர்களா, இக்குளிசையின்றி எனக்கு உறக்கமே வராது என்று முடிவு செய்கின்றார். பழைய நோய் திரும்பியதாக அவர் எண்ணுகின்றார். மருந்து விலகும்போது சில நாள் தோன்றும் எதிர்விளைவே அது என்பதை அவருக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை. பல ஆண்டுகாலப் பழக்கம் பெரும்பாலும் இந்த ஒரு தவறான முடிவிலிருந்தே தொடங்குகின்றது.

தொடக்கத்தில் நான் விடுத்த வேண்டுகோளின் காரணமும் இதுவே. நெடுநாள் எடுத்த குளிசையை ஒரே இரவில் நிறுத்தினால், தன் பிறேக்கைத் தளர்த்தி வைத்திருக்கும் மூளை திடீரெனக் கட்டறுந்து ஓடுகின்றது. நடுக்கம், வியர்வை, பெரும் பதற்றம் என்பன தோன்றும். சிலருக்கு மனக்குழப்பமும் உயிருக்கே ஆபத்தான வலிப்பும் வரக்கூடும். ஆகையால் நிறுத்துவது படிப்படியாக, வைத்தியரின் கண்காணிப்பிலேயே நடைபெற வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, அளவில் நூற்றுக்கு ஐந்து அல்லது பத்துப் பங்காகக் குறைத்து வருவது வழக்கம். உடல் ஒவ்வாவிட்டால் சற்றே தாமதிக்கலாம். மாதங்கள் சென்றாலும் பாதகமில்லை. இவ்வாறு முதுமையிலும் குளிசையை வெற்றியோடு விட்டவர்கள் பலர்.

அப்படியாயின், நித்திரை வராதவர் என் செய்வது? முதலில் காரணத்தைத் தேடல் வேண்டும். நித்திரையின்மை பெரும்பாலும் வேறொன்றின் அறிகுறி. மூட்டுவலியும் தொய்வும், நீரிழிவினால் இரவில் அடிக்கடி சலம் போதலும், தைரொயிட்டுச் சுரப்பியின் மிகைத் தொழிற்பாடும் நித்திரையைக் கெடுக்கும். விடிவதற்கு நெடுநேரம் முன்னரே விழிப்பு வந்து, எதிலும் பற்றின்றிப் போதல் மனச்சோர்வு நோயின் குறியாக இருத்தல் கூடும். இவற்றுக்கெல்லாம் உரிய சிகிச்சை வேறு. மாலைக்குப் பின் அருந்தும் தேநீரும் கோப்பியும் நம் நாட்டில் பலருடைய உறக்கத்தைத் திருடுகின்றன. ஐந்து மணி நேரம் கழிந்த பின்னரும் அவற்றிலுள்ள கபேயினில் ஏறத்தாழ அரைப்பங்கு உடலில் எஞ்சியிருக்கும்.

காரணம் வேறொன்றும் இன்றி மாதக்கணக்கில் நீடிக்கும் நித்திரையின்மைக்கு, முதற் சிகிச்சை குளிசையன்று. நித்திரைப் பழக்கத்தைத் திருத்தும் அறிகை நடத்தைச் சிகிச்சையே என்று 2016 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் கல்லூரி அறிவித்தது. அதன் ஓர் அங்கத்தை றிச்சட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972 ஆம் ஆண்டிலேயே வகுத்திருந்தார். கண் சொருகினால் மட்டுமே படுக்கைக்குப் போக வேண்டும். படுக்கையிலிருந்து கணக்குப் பார்த்தலும், உண்ணுதலும், கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருத்தலும் கூடா. படுத்துச் சிறிது நேரத்தில் உறக்கம் வராவிட்டால், புரண்டு கிடவாது எழுந்து வேறிடத்தில் அமைதியாக அமர்ந்திருந்து, உறக்கம் வரும்போதே திரும்ப வேண்டும். எவ்வளவு குறைவாக உறங்கியிருந்தாலும் தினமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். பகலுறக்கத்தைத் தவிர்க்க வேண்டும். இவை கேட்பதற்கு மிக எளியவை. முதற் சில வாரங்களில் செய்வதற்குக் கடினமானவை. குளிசை முதலிரவிலேயே வேலை செய்யும். இது மெல்லவே பயன் தரும். ஆனால் பெற்ற பயன் நிலைத்து நிற்கும்.

இவ்வளவும் கூறியதனால் நித்திரைக் குளிசையை முற்றாக ஒதுக்க வேண்டும் என்பது கருத்தன்று. உற்றாரை இழந்த துயரிலோ, கடும் நோயிலோ ஒருவர் நிலைகுலைந்திருக்கும் சில நாட்களுக்கு அது நல்ல துணை. பெறுவோர் வைத்தியர் கூறிய ஆகக் குறைந்த அளவை, ஆகக் குறைந்த காலத்துக்கு எடுத்தல் வேண்டும். நமக்கு உதவியது என்று அயல்வீட்டாருக்குக் கொடுத்தலும், அவருடையதை நாம் வாங்கி உண்ணலும் தகா. சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்கவேண்டும். மனமுடைந்த நிலையில் வீட்டில் எவரேனும் இருப்பின், குளிசைகளை வேறொருவர் பொறுப்பில் வைத்து வேளைக்கு வேளை கொடுப்பது நன்று.

புதிதாகக் குளிசை பெறுவோர் வைத்தியரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காது கேளுங்கள். இது எனக்கு எதற்காக? எத்தனை நாட்களுக்கு? எப்படி நிறுத்துவது? நெடுங்காலமாக எடுத்து வருவோர், தாம் உண்ணும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் இட்டு, அடுத்த முறை வைத்தியரிடம் செல்லும்போது எடுத்துச் சென்று காட்டுங்கள். வீட்டில் முதியோர் இருப்பின், அவர்கள் இரவில் என்ன குளிசை எடுக்கின்றனர், எவ்வளவு காலமாக எடுக்கின்றனர் என்பதை இவ்வாரத்திலேயே பிள்ளைகள் கேட்டறியுங்கள். அவர்கள் படுக்கும் அறைக்கும் மலசலகூடத்துக்கும் இடையே ஒரு சிறு விளக்கையும் எரிய விடுங்கள்.